அர்த்தநாரியின் கழுத்து

கண்ணைத் திறந்திருக்கவே கூடாது. அர்த்தநாரி என் தாடையில் நுரையைப் பூச ஆரம்பித்ததுமே கண்ணை மூடிக்கொள்வது என்னுடைய பல வருஷப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தாராபுரத்தில் ஒரு டாக்டருக்குக் கிடைக்கிற உருப்படியான தூக்கம் இந்த சலூன் நாற்காலியில்தான். போனைக் காரிலேயே விட்டுவிட்டு வருவேன். கத்தி காதோரம் தொடங்கிக் கன்னத்தில் சரசரவென்று இறங்கும், துணியில் துடைபடும், மறுபடி இறங்கும். அந்தச் சத்தத்திலேயே பாதி உயிர் எங்கேயோ போய்விடும். இன்றைக்கு அந்தச் சத்தம் நடுவில் நின்றது. கன்னத்தின் பாதியில், இறங்காமலும் எடுபடாமலும், பிளேடு அப்படியே தோலின் மேல் நின்றது. யாரோ கடைக்குள் வந்திருப்பார்கள், அவர்களைப் பார்த்து வாங்க என்று தலையசைக்கிறார் என்று நினைத்தேன். வாங்க என்று தலையசைக்க இவ்வளவு நேரம் எதற்கு என்று அப்புறம்தான் உறைத்தது. கண்ணைத் திறந்தேன். புதிதாக யாரும் வரவில்லை. பெஞ்சில் மின்வாரியத்து சண்முகவடிவேல் முன்னைப் போலவே பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். அர்த்தநாரி என் மேல் குனிந்திருந்தார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை, எதையுமே பார்க்கவில்லை. அப்புறம் கண் சிமிட்டினார், கத்தி இறங்கியது, "இப்பவே வெயிலு என்ன போடு போடுதுங்க பாருங்க" என்றார். வெயிலுக்காகச் சட்டையின் மேல் பித்தான்களைக் கழற்றி விட்டிருந்தார். வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருக்க, என் முகத்துக்கு ஒரு சாண் உயரத்தில் அவருடைய கழுத்து. அந்தக் கழுத்தில் எதுவோ துள்ளியது.

கழுத்தைப் பார்ப்பது என் தொழில். தொழில் இல்லை, வியாதி என்பாள் சுலோசனா. கல்யாண வீட்டில் எதிர்வரிசைப் பெண்களின் கழுத்தை நான் உற்றுப் பார்க்க, அவர்கள் முந்தானையை இழுத்து விட்டுக்கொள்ள, இவள் என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி, "நகையப் பாக்கறீங்கன்னு நெனச்சாலும் பரவால்ல, வேற எதையாச்சும்னு நெனச்சாங்கன்னா நான் இந்த ஊருல குடியிருக்க வேண்டாமா" என்பாள், கட்டின மனைவி. நகையை யார் பார்த்தார்கள்? நகைக்குப் பக்கத்தில் தோலுக்கு அடியில் ஓடுவதைப் பார்க்கிறேன். கழுத்தில் இரண்டு துடிப்பு உண்டு. ஒன்று தமனியுடையது, இதயம் உதைத்து அனுப்புகிற ரத்தம், விரலை வைத்தால் விரலைத் தள்ளும். இன்னொன்று சிரையுடையது, ரத்தம் இதயத்துக்குத் திரும்பிப் போகிற வழி, அது விரலுக்கு அகப்படாது, கண்ணுக்கு மட்டும்தான், லேசாக அலையும். பார்க்கத் தெரிந்தவனுக்கு அந்த அலை போதும், உள்ளே இதயம் என்ன பாடுபடுகிறது என்று சொல்லிவிடலாம், மெஷின் எல்லாம் அப்புறம். ஆளைப் பாதி சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும், தலையை லேசாக அந்தப் பக்கம் திருப்பச் சொல்ல வேண்டும், வெளிச்சம் பக்கத்திலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான். இந்த நாற்காலியின் சாய்வு அதே சாய்வு. "அப்படியே கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க" என்று அர்த்தநாரி சொல்வதும் நான் வார்டில் சொல்வதும் ஒரே வாக்கியம். அவரும் நானும் படுத்திருக்கிறவரின் வலது பக்கம் நின்று கழுத்தைப் பார்த்துப் பிழைக்கிறவர்கள். ஊரில் யார் யார் கழுத்தையோ பார்த்தாயிற்று, முனிசிபல் சேர்மன் கழுத்து, சம்பந்தி கழுத்து, பஸ்ஸில் முன்சீட்டில் தூங்குகிறவன் கழுத்து. இந்த ஒரு கழுத்துக்குக் கீழே மட்டும் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்திருக்கிறேன்.

ஃபேன்தான் என்று முதலில் சொல்லிக்கொண்டேன். தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேனின் நிழல் எதன் மேல் விழுந்தாலும் அது துடிப்பது போலத்தான் தெரியும். நல்ல நினைப்பு. ஆனால் நிழல் என்றால் சட்டையிலும் விழ வேண்டும், சட்டை சும்மா இருந்தது. எச்சில் விழுங்குகிறார் என்று சொல்லிக்கொண்டேன். விழுங்கினால் குரல்வளை ஏறி இறங்கும், அது அசையவில்லை. பேசுவதால் புடைக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். பேச்சை நிறுத்திவிட்டு என் மீசையோரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தபோதும் அது துள்ளியது. ஒரு சின்ன அலை, இன்னொரு சின்ன அலை, இன்னொன்று, அப்புறம் திடீரென்று, கீழேயிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி, தாடை வரைக்கும் ஏறி அடித்துவிட்டு விழுந்தது. காத்திருந்தேன். சின்னது, சின்னது. மறுபடி அந்த உதை, இந்தத் தடவை சீக்கிரமே. அதற்கடுத்தது வரவே வராதோ என்று நினைக்கிற அளவு தாமதமாக. ஒழுங்கே இல்லை. பக்கத்தில் தமனி தன்பாட்டுக்கு, எந்த அவசரமும் இல்லாமல், வேலையில்லாதவன் தெருவில் நடக்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. இல்லை, இருக்காது, இவர் எழுந்து நடமாடுகிறார், சிரிக்கிறார், கத்தி பிடிக்கிறார். பீரங்கி அலை என்று மாணவர்களுக்குச் சொல்வேன். அதைக் கட்டிலில் படுத்திருக்கிறவர்களிடம்தான் காட்டியிருக்கிறேன், டியூப் லைட்டுக்குக் கீழே, பச்சைத் திரைக்குப் பின்னால், அது அங்கேதான் இருக்க வேண்டும், கோகுல் சாண்டல் பவுடர் வாசனைக்கு நடுவில் அதற்கு என்ன வேலை?

இதயத்தின் மேலறை அடிக்க வேண்டும், அது சொல்லிக் கீழறை அடிக்க வேண்டும். அந்தச் சொல் போகிற கம்பி அறுந்துவிட்டால் இரண்டும் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி மாதிரி ஆகிவிடும். மேலே அண்ணன் அவன் வேகத்தில் அடிப்பான். கீழே தம்பி அவன் இஷ்டத்துக்கு, மெதுவாக. எப்போதாவது இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வாசலுக்கு வந்தால் மோதல். நடுக்கதவு சாத்தியிருக்கும், போக வழியில்லாத ரத்தம் திரும்பிக் கழுத்துக்கு எகிறும். அதுதான் அந்த உதை. உதை ஆளைக் கொல்லாது. தம்பி சோம்பேறி, ஒருநாள் அடிக்காமல் சும்மா இருந்துவிடுவான், அதுதான் கொல்லும். கொஞ்சம் இருந்தால் மயக்கம், கூட இருந்தால் முடிந்தது கதை. வலி கிடையாது, முன்கூட்டி ஒரு தகவலும் கிடையாது. மளிகைக்கடைக்காரர் சம்சாரம் ஒருத்தி என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, "ராத்திரிக்கு ரெண்டு இட்லி" என்று சொல்லும்போதே போய்விட்டாள். வெளுத்து, கண் செருகி, வாய் திறந்தபடி. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் ஓடுவதற்குள் முகம் குப்பென்று சிவந்தது, "அதுக்கு மேல எறங்கறதில்லீங்க" என்று முடித்தாள். போய்வந்தது அவளுக்குத் தெரியாது. நான் ஏன் நின்றுகொண்டிருக்கிறேன் என்று பார்த்தாள். அந்த இட்லி என் மண்டையில் எத்தனையோ நாள் சுற்றியது, செத்துப்போயிருந்தால் கடைசி வார்த்தை இட்லி. இப்போது மறுபடி சுற்ற ஆரம்பித்தது, ராத்திரிக்கு ரெண்டு இட்லி, வெயிலு என்ன போடு போடுது, ரெண்டு இட்லி. சற்றுமுன் என் கன்னத்தில் கத்தி ஏன் நின்றது என்று அப்போதுதான் விளங்கியது.

முதலில் நினைத்தது என் கழுத்தைத்தான். இதில் மழுப்ப ஒன்றுமில்லை. பிளேடு இப்போது வலது காதுக்குக் கீழே இருந்தது, தாடையெலும்பின் மூலைக்கு இரண்டு விரற்கடை கீழே. அங்கே என்ன இருக்கிறது என்று உலகத்தில் எல்லோருக்கும் தெரியவேண்டியதில்லை, எனக்குத் தெரிகிறதே. தோல், அதற்கடியில் துப்பட்டா கனத்தில் ஒரு தசை, அதற்கடியில் தமனி இரண்டாகப் பிரிகிற இடம். பரீட்சைக்கு வாய் ஓயாமல் சொல்லிப் படித்த இடம். உடைத்துப் பாதியாக்கிக் கத்தியில் மாட்டிய அந்தச் சின்ன பிளேடு, பாதியே போதும். நிற்கிற மனுஷன் முழு எடையோடு சாய்ந்தால் போதும். என் கைகள் இரண்டும் வெள்ளைத் துணிக்கு அடியில். கழுத்தைச் சுற்றி அதை இறுக்கிச் செருகியிருக்கிறார். எழுபது கிலோ டாக்டர், வெள்ளையில் சுற்றி, பாதி சாய்த்து, தலையை அந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறது. தோலை இழுத்துப் பிடிப்பதற்காக அவருடைய இடது கட்டைவிரல் என் தாடைக்கு அடியில் அழுந்தியிருந்தது. அங்கே ஒரு நாடி அடித்தது. கட்டைவிரலால் நாடி பார்க்காதே, உன்னுடையதே உனக்குக் கேட்கும் என்று பிள்ளைகளைத் திட்டுவேன். இது யாருடையது? தடதடவென்று ஒன்று ஓடுகிறது, அது என்னுடையது, பயத்தில் ஓடுகிறது. அதோடு சேராமல் இன்னொன்று. வந்தது. நான் ஓடிக்கொண்டே இருந்தேன். அப்புறம் வந்தது. நான் மூன்று அடிப்பதற்கு அவர் ஒன்று. அடுத்ததற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன், அது வந்ததும் உடம்பு தளர்கிறது, உடனே அதற்கடுத்ததற்கு இறுகுகிறது. வேறொருவர் இதயத்தை நம்பி நான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தேன்.

நிறுத்துங்க என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் கத்தி தொண்டையில் இருக்கும்போது பேசக்கூடாது என்பது இந்தக் கடையின் சட்டம். பேசுவது அவர் வேலை, ம் சொல்வது நம் வேலை. ஒரு ம் என்றால் சரி. இழுத்த ம் என்றால் அப்படியா. அடுத்தடுத்து இரண்டு ம் என்றால் மேலே சொல்லுங்க. என் பையன் கல்யாணம், அவருடைய மகள் பிரசவம், ஓட்டுப் போட்டது, போடாதது, எல்லாவற்றையும் இந்த ம்மை வைத்தே பேசி முடித்திருக்கிறோம். நிறுத்துங்க என்பதற்கு ம் கிடையாது, தேவைப்பட்டதில்லை. இருந்தாலும் அடித்தொண்டையிலிருந்து ஒரு ம்ம்ம் விட்டுப் பார்த்தேன். "கிருதாவுங்களா? ஏத்தீரலாமுங்க, நீங்க சொல்லோணுமா" என்று இன்னும் வசதியாகக் குனிந்தார். அந்தக் கழுத்து இன்னும் கிட்டே வந்தது. முழங்காலை உயர்த்தித் துணியை ஆட்டினேன். "காலு மரத்துப் போச்சுங்களா? ஆடாதீங்க டாக்டருங்க, வெட்டீரும்." ஆடாமல் படுத்தேன். துள்ளியது, என் கண்ணுக்கு நேரே, தாடை வரைக்கும். படிக்கிற காலத்தில் இப்படி ஒரு கழுத்தைப் பார்க்க வார்டு வார்டாக அலைந்திருக்கிறேன், பார்த்தவனைக் கண்டு மற்றவர்கள் பொறாமைப்பட்டிருக்கிறோம். எவ்வளவு அழகாகத் தெரிகிறது என்று ஒரு மூலையில் ஒரு நினைப்பு ஓடியது, ஓடியதற்காக என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கத்தியை எடுத்துத் துணியில் துடைத்தார். இதோ, இப்போது சொல். சொல்லிவிடு. வாயைத் திறந்தேன், உதட்டோரத்து நுரை உள்ளே போனது. என்னவென்று சொல்ல? அர்த்தநாரி, உங்களுக்கு எந்த நிமிஷமும்? நோயாளியிடம் சொல்வதற்கு எனக்கு ஒரு குரல் இருக்கிறது, மேஜை இருக்கிறது, பேனாவை மூடி வைக்கிற ஒரு நிதானம் இருக்கிறது. பாதி முகத்தில் நுரையோடு மல்லாந்து கிடக்கும்போது அந்தக் குரல் எங்கேயிருந்து வரும்? நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே அவர் ஆரம்பித்துவிட்டார், "நாளைக்குக் கோயிலுக்கு நேரத்துலயே வந்தர்றனுங்க. புதுக் கத்தி எடுத்து வெச்சிருக்கறனுங்க, நம்ம பேரனுக்குன்னே." நாளைக்கு என் பேரன் நிரஞ்சனுக்கு முடி இறக்குகிறோம். குலதெய்வம் கோயிலில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, காதும் குத்துகிறோம். என் பையனுக்கு முதல் மொட்டை போட்டது அர்த்தநாரிதான். அவன் மகனுக்கும் அவரே போட வேண்டுமென்று கேட்டது நான். "அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே கையில மொட்ட, இந்த ஊருல யாருக்குங்க கெடைக்குது? உங்க பையன் அன்னிக்குக் கத்துன கத்து இன்னுங் காதுக்குள்ளயே இருக்குதுங்க" என்றார். சிரித்தார். சிரிக்கும்போது துள்ளியது. மாதக்கணக்காக இந்த மொட்டையைப் பற்றித்தான் பேச்சு, யாராவது கடைக்கு வந்தால் அவர்களிடமும் சொல்வார், டாக்டரு பேரனுக்கு நானுங்க என்று. இதை அவரிடமிருந்து பிடுங்க வேண்டும். உயிர் போகப்போகிறது என்று சொல்வதைவிட இதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, அதுவே எனக்கு ஆச்சரியமாகவும் இருந்தது.

"அர்த்தநாரி, மயக்கம் கியக்கம் வந்துச்சுங்களா, இப்பக் கொஞ்ச நாளா?" என்று ஒருவழியாகக் கேட்டேன். கத்தி அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தார், திருடிச் சாப்பிட்டவர் மாதிரி ஒரு சிரிப்பு. "யாரு சொன்னாங்க? சுலோச்சனாம்மாகிட்ட எம்பட சம்சாரம் சொல்லீட்டாளா?" இல்லை என்று தலையாட்டினேன். "போன வாரம் குளிச்சுட்டு வர்றப்ப வாசப்படில உளுந்துட்டனுங்க. மூஞ்சி வெள்ளையாப் போயி, அப்பறம் பொசுக்குன்னு செவந்துருச்சாம், அவ ஊரைக் கூட்டீட்டா. எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க. லைட்டு போயி வந்தாப்பல, அவ்வளவுதான். பித்தமுங்க. எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு குடிச்சேன், செரியாப் போச்சு. உங்களுகிட்டச் சொல்லோணும்னுதான் இருந்தனுங்க, மொட்ட முடியட்டும்னு உட்டுட்டேன். இப்பச் சொன்னா அந்த டெஸ்டு இந்த டெஸ்டுன்னு எழுதிப்போட்டுக் கத்தியவே தொடாதேம்பீங்க. எனக்குத் தெரியாதா உங்கள? நல்லா அண்ணாந்துக்குங்க." இடது கை என் நெற்றியைப் பிடித்துப் பின்னால் சாய்த்துவிட்டு மறுபடி தாடைக்கு அடியில் அழுந்தியது, பிளேடு தொண்டைக்கு வந்துவிட்டது. மொட்டைக்காக மறைத்திருக்கிறார். பாவி மனுஷன், என் பேரன் மொட்டைக்காக! பித்தமாம். எலுமிச்சம்பழமாம். தோள்பட்டைக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு பேட்டரியை வைத்து ஒரு கம்பியை உள்ளே விட்டால் இன்னும் இருபது வருஷம் கத்தி பிடிக்கலாம், கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தால் போதும், இது தீராத வியாதிகூட இல்லை. தீருகிற வியாதியில் செத்துப்போகப் பார்க்கிறார் என்று எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, கத்தி இருந்ததால் இரண்டையும் விழுங்கினேன். விழுங்கும்போது குரல்வளை பிளேடுக்குக் கீழே ஏறி இறங்கியது. நிரஞ்சனுக்கு உச்சிக்குழி இன்னும் முழுசாக மூடவில்லை. நேற்று எண்ணெய் வைக்கும்போது பார்த்தேன், முடிக்கு அடியில், எலும்பில்லாத அந்த மெத்தென்ற இடத்தில், அது லேசாக அடித்துக்கொண்டே இருந்தது, ஏறி, இறங்கி. அதன் மேல் புதுக் கத்தி. தாய்மாமன் மடி, சுற்றிலும் சிரிக்கிற முகங்கள், குழந்தை கத்துகிறது, கத்தி நிற்கிறது, யாரோ வந்திருக்கிறார்கள் போல என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை, அதை நினைக்காதே. இந்த ஒரு இழுப்பு முடியட்டும், எடுத்ததும் சொல்லிவிடுகிறேன், கத்தியைக் கீழே வையுங்கள் என்று சொல்கிறேன், நீங்கள் உட்காருங்கள், இந்த நாற்காலியில் நீங்கள் சாயுங்கள், தலையை அந்தப் பக்கம் திருப்புங்கள்.

கத்தி நின்றது. குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே, கீழிருந்து மேலே வரவேண்டிய இழுப்பின் தொடக்கத்தில். இந்தத் தடவை எனக்குக் கண் திறந்தே இருந்தது. அவர் கழுத்தில் சின்ன அலை அலைந்தது, அடுத்த சின்ன அலை, அடுத்தது, மேலே இருக்கிற அண்ணன் தவறாமல் அடித்துக்கொண்டிருந்தான், பக்கத்தில் தமனியைக் காணோம். தோல் சும்மா இருந்தது. உதையும் இல்லை. தம்பி அடிக்கவில்லை. தாடைக்கு அடியில் கட்டைவிரல் இருந்தது, அதில் நான் மட்டும் ஓடிக்கொண்டிருந்தேன், தனியாக. அவருடைய முகத்திலிருந்து நிறம் வடிந்தது, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆனது, கண் என் தலைக்கு மேல் எங்கேயோ ஏறியது. கை கனத்தது. அந்தக் கனம் பிளேடுக்கு வந்து, பிளேடிலிருந்து எனக்கு வந்தது, சுருக்கென்றது. துணியைக் கிழித்தேனா உதறினேனா தெரியாது, என் வலது கை வெளியே வந்து அவருடைய கத்திக் கையின் மணிக்கட்டைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளியது, அதே நேரம் மனுஷன் அப்படியே என் மார்பின் மேல் சரிந்தார், தலை என் தோளில், நரைத்த முடியில் என் கன்னத்து நுரை. மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். கத்திக்காகப் பிடித்த பிடி. ஆனால் வாழ்நாள் முழுவதும் மணிக்கட்டைப் பிடித்த கை இது, மூன்று விரலும் தானாகவே போய் நாடியில் உட்கார்ந்திருந்தன. அங்கே ஒன்றும் இல்லை. ஃபேன் சுற்றுகிறது. சண்முகவடிவேல் பேப்பரைத் திருப்புகிற சத்தம் கேட்கிறது. ஒன்றும் இல்லை. இவ்வளவு கனமாக இருப்பார் என்று நினைத்ததில்லை, ஒல்லியான மனுஷன். தோளில் மூச்சுப் படவில்லை. அடிடா. சோம்பேறி நாயே, அடிடா. இடது கையைத் துணியிலிருந்து பிடுங்கி, முஷ்டியை மடக்கி, அவருக்கும் எனக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் அவர் நெஞ்சில் ஒரு குத்து விட்டேன். ஒன்றும் இல்லை. ராத்திரிக்கு ரெண்டு இட்லி. இன்னொரு குத்து. இன்னொன்று, பலமாக.

விரலுக்கு அடியில் அடித்தது. ஒரே ஒரு அடி, கதவைத் தட்டுகிற மாதிரி. காத்திருந்தேன். மறுபடி. அவர் உடம்புக்குள் மூச்சு இழுபட்டது, கழுத்திலிருந்து நெற்றி வரைக்கும் குப்பென்று சிவப்பு ஏறியது, இவ்வளவு கிட்டத்தில் அந்தச் சிவப்பை நான் பார்த்ததில்லை. கண் கீழே இறங்கி வந்து என்னைக் கண்டுபிடித்தது. என் மேல் கிடப்பதைப் பார்த்தார், கையை நான் பிடித்திருப்பதைப் பார்த்தார். "ஆடாதீங்க டாக்டருங்க" என்றார், கால் ஊன்றி நிமிரப் பார்த்தபடி, குரலில் நிஜமான கோபம், "கத்தி கைல இருக்கறப்ப இப்படித் துள்ளுனா எப்படீங்க? நாளைக்கு உங்க பேரனே உங்களையாட்ட ஆடமாட்டானுங்க." தொண்டையில் சூடாக எதுவோ இறங்கிக் காலருக்குள் போய்க்கொண்டிருந்தது. பேப்பர் இறங்கியது, சண்முகவடிவேல் எழுந்து நின்றார், "என்னுங்க, என்னாச்சுங்க?" ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்கள், உடனே என்றேன், அது என் குரல் மாதிரியே இல்லை. அர்த்தநாரி அப்போதுதான் என் கழுத்தைப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார், முகம் கோணிவிட்டது. "அய்யோ சாமி, வெட்டிட்டனா? இத்தன வருசத்துல ஒருநாளு பட்டதில்லீங்களே! சின்ன வெட்டுதானுங்க, பயப்படாதீங்க, படிகாரம் வெச்சா நின்னுரும், இதுக்குப் போயி ஆம்புலன்சுங்களா? கைய உடுங்க டாக்டருங்க, படிகாரத்த எடுக்கறேன்." நான் விடவில்லை. "உடுங்கன்னா, ரத்தம் போகுதுங்க உங்களுக்கு." விரலுக்கு அடியில் ஒன்று அடித்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தேன்.